வாடகைக்கு விட்ட கணக்கு

அன்றைக்கு மெஷின் அபிதகுசாம்பாளின் ரேகையை முதல் தடவையே எடுத்துக்கொண்டது. அப்படி நடப்பது அபூர்வம். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டு நூலைத் தறிக்கான தார்க்குச்சியில் சுற்றியதில் அவளுடைய விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. அரசாங்கம் பெண்களுக்குத் தரும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையை எடுக்க வரும் ஒவ்வொரு மாதமும் குணா ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வான். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். குணாவுக்கு நாற்பது வயது. அவனுடைய ஜெராக்ஸ் கடையில்தான் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் அந்தச் சின்ன மெஷினைப் பேங்குக்காரர்கள் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"பத்தாயிரம்னு போட்டியாப்பா?"

"போட்டேன்க்கா. வரமாட்டேங்குது."

"துட்டு கீதே. முதலாளி தீபாவளிக்கு மொதல் நாளே ரெண்டு பாவு கூலியும் போனஸும் சேத்துப் போட்டாரு. அவுரு போன்ல காமிச்சாரு."

குணா இன்னொரு தடவை பார்த்தான்.

"துட்டு இல்லன்னா வேற மாதிரி காட்டும்க்கா. இது பேங்க்லயே உங்க அக்கவுண்ட நிறுத்தி வச்சிக்கீறாங்கன்னு காட்டுது. பிராஞ்சுல போய்க் கேளுங்க."

அபிதகுசாம்பாள் நகர்ந்தாள். பின்னால் நின்றிருந்த கெங்கம்மாள் முன்னே வந்து விரலை வைத்தாள். அதே தெருவில் மூன்றாவது வீடு அவளுக்கு. புருஷன் போய் ஒன்பது வருஷம். நாலு வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்து, விதவை உதவித் தொகையையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். குணா மெஷினைப் பார்த்தான், அப்புறம் அபிதகுசாம்பாளைப் பார்த்தான்.

"இதுவும் அதே மாதிரிதான் காட்டுது."

"இன்னாடி இது, உனுக்கும் எனுக்கும் ஒரே நாள்ல?" என்றாள் கெங்கம்மாள். "பிரஷர் மாத்திர நேத்தே தீந்துபோச்சு. இத்த நம்பித்தான் வந்தேன்."

அபிதகுசாம்பாளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. புடவைத் தலைப்பிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து, "மாத்திர வாங்கிக்கோங்கக்கா, அப்பால பாத்துக்கலாம்" என்று கொடுத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் மருந்துக்கடைப் பக்கம் போனாள். இவள் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அவள் புருஷன் வேணுகோபால் தறிக்குழிக்குள் இறங்கி நின்று சொம்பால் தண்ணீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் குழிக்குள் தானாக நீர் ஊறிவிடும். காலால் மிதிக்கிற இடம் சேறாகிப் போகும். தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நமத்து, இழைக்கு இழை ஒட்டிக்கொள்ளும். தணல் சட்டியைப் பாவுக்கு அடியில் வைத்துக் காயவைத்துத்தான் ஒரு சாண் ஓட்ட முடியும். நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியிடமிருந்து வந்த பாவில் நாலு சேலை. முதல் சேலையே பாதியில் நின்றிருந்தது.

"துட்டு எத்தாந்தியா?"

"மெஷின் ரிப்பேராம். நாளிக்கி பேங்குக்குப் போவணும்."

"ஜல்தியா எத்தாந்துடு. இருவத்தஞ்சாந் தேதி கடைசி நாளுன்னு பாப்பா நேத்தே சொல்லிட்டா."

பாப்பா என்பது மகள் சுகன்யா. போளூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. மூன்றாம் வருஷம். இருபத்தோராயிரத்து ஐந்நூறு கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். அபிதகுசாம்பாள் உள்ளே போய்க் காலையில் வைத்த காராமணிக் குழம்பைச் சூடு பண்ணினாள். களி கிண்டினாள். வேணுகோபால் கைகால் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னாள்.

ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. வேணுகோபாலின் தங்கை துர்காவுக்கு ஒரே மகன் தமிழ்வாணன். டிப்ளமோ முடித்துவிட்டுச் செய்யாறில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் ஷிப்டு பார்த்தான். அது ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்தான். நல்ல பேச்சுக்காரன். அத்தை வீடு என்று உரிமையோடு வருவான், தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான். அன்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டேதான் பேச்சை எடுத்தான்.

"அத்த, உன் அக்கவுண்ட் மாசத்துல ஒரு நாளு தவிர சும்மாதான கீது?"

"ஆமா. அதுக்கின்னா?"

"பெங்களூர்ல எனுக்குத் தெரிஞ்ச கம்பெனிக்காரங்களுக்கு டாக்ஸ் பேஜாரு. ஒரே அக்கவுண்ட்ல அத்தினி துட்டும் வந்தா வரி போட்டுடறானாம். அதனால பத்துப் பேரு அக்கவுண்ட்ல பிரிச்சி வாங்கிக்கிறாங்க. ஏடிஎம் கார்டும் பேங்க்ல குடுத்த நம்பரு சிம்மும் குடுத்தா போதும். மாசம் ரெண்டாயிரம் வாடக."

"என் ஆயிரம் ரூபா?"

"அது நீ ரேக வச்சி எப்பவும் போல எடுத்துக்கோ. உன் துட்டு தனி, அவங்க துட்டு தனி."

வாடகை என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. வாடகைக்கு விட அவளிடம் வேறு எதுவும் இருந்ததில்லை. அவர்கள் குடியிருந்ததே வாடகை வீடு. கார்டையும் சிம்மையும் அன்றைக்கே கொடுத்தாள். வேணுகோபாலிடம் சொல்லவில்லை. பழைய போனுக்குத் தமிழ்வாணனே புது சிம் போட்டுக் கொடுத்தான். மாதம் பிறந்ததும் இரண்டாயிரத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த மாதம், "இன்னும் ஒருத்தர் இருந்தா சொல்லு அத்த, சேத்துவுட்டா உனுக்கு ஐந்நூறு" என்றான். அபிதகுசாம்பாள் கெங்கம்மாளை அவன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

*

மறுநாள் பேங்கில் மேனேஜர் பிரபாகரன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க என்ன வேலம்மா செய்றீங்க?"

"தார் சுத்துறேன் சார். அவுரு பட்டு நெய்யறாரு."

"மூணு மாசத்துல இந்த அக்கவுண்ட்ல பதினெட்டு லட்சம் வந்து போயிருக்கு."

பதினெட்டு லட்சம் என்பது எத்தனை பாவுக் கூலி என்று யோசித்துப் பார்க்கக்கூட அவளுக்கு வரவில்லை.

"வெளிமாநில போலீஸ் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்காங்க. அவங்க எழுதிக் குடுக்கற வரைக்கும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க இருபத்தாறாயிரம் எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு. ஆனா எடுக்க முடியாது." அவர் தலையைத் திருப்பி மூலையில் இருந்த மேஜையைக் காட்டினார். "அந்த மேடம்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லுங்க. மறைக்காம சொல்லுங்க."

மூலை மேஜையில் இருந்தவள் ஆதிலட்சுமி. முப்பது வயது இருக்கும். பேங்கின் நிதிசார் கல்வி மையத்தில் காண்டிராக்ட் வேலை. பெரணமல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் அடுத்தவர் நிலத்தில் கடலைக்காய் பிடுங்கப் போகிறவர்கள். மாதத்துக்குப் பத்துத் தெருவில் முகாம் போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அது அவள் வேலை. தங்கள் கணக்கில் என்ன நடந்தது என்று தெரியாமல் வந்து நிற்கிறவர்களை உட்காரவைத்துப் பேசுவதும் அவள் வேலையாக ஆகிப்போயிருந்தது. அதற்குத் தனியாகச் சம்பளம் இல்லை.

"உக்காருங்கக்கா. கார்டு எங்க?"

"தொலஞ்சிபோச்சிங்க."

"சிம்மு?"

"அதுவும்தான்."

"ரெண்டும் ஒண்ணாவா தொலஞ்சிது?"

அபிதகுசாம்பாள் மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தாள். ஆதிலட்சுமி அவசரப்படுத்தவில்லை. வேறு ஒருவருக்கு ஏதோ பாரத்தில் கையெழுத்துப் போட இடம் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நானு போலீஸ் இல்ல. உங்க அக்கவுண்ட்ல வந்த துட்டு யாருது தெரியுமா? மேனேஜர் சார் கேட்டுச் சொன்னாரு. ரிட்டையர்டு டீச்சராம். பொம்பள. தனியா கீறாங்க. வீடியோ கால்ல போலீஸ் மாதிரி வந்து, உன்ன அரெஸ்ட் பண்ணப் போறோம்னு சொல்லி ரெண்டு நாளு ரூமை விட்டு வெளிய வரவுடாம பயமுறுத்தி, இருந்த துட்டெல்லாம் வாங்கிட்டாங்க. அதுல ரெண்டு லட்சத்து அறுவதாயிரம் உங்க அக்கவுண்டுக்குத்தான் வந்துச்சு. அர மணி நேரத்துல வெளிய போய்டுச்சு."

"கம்பெனி துட்டுன்னு சொன்னாங்க" என்றாள் அபிதகுசாம்பாள்.

"யாரு சொன்னாங்க?"

அவள் எழுந்துவிட்டாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அந்த டீச்சரம்மாவுக்கு எத்தினி வயசாம்?"

"அறுவத்தெட்டுன்னு நெனைக்கிறேன். யாருகிட்ட குடுத்தீங்கன்னு பேரோட சைபர் கிரைமுக்கு எழுதிக் குடுங்கக்கா, இல்லன்னா நீங்களும் கூட்டுன்னு ஆயிடும்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கிருந்து நேராகத் தமிழ்வாணன் கடைக்குப் போனாள். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. பக்கத்துப் பழக்கடைக்காரர், பத்து நாளாகத் திறக்கவில்லை என்றார். போன் போட்டால் சுவிட்ச் ஆப். துர்காவின் வீட்டுக்குப் போனாள். துர்கா மாடியில் காயப்போட்ட துணியை மழைக்கு முன்னால் எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணி. நாஷ்டா ஆச்சா?"

"தமிழு எங்க?"

"பெங்களூருக்குப் போயிருக்கான். கம்பெனி வேலயா. இன்னா விசயம்?"

அபிதகுசாம்பாள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். துர்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு பாவாடையை மூன்று தடவை பிரித்து மடித்தாள்.

"உங்க கார்ட நீங்கதான குடுத்தீங்க? அவன் கழுத்துல கத்திய வச்சா வாங்கினான்?"

"நான்தான் குடுத்தேன். இல்லங்கல."

"மாசம் ரெண்டாயிரம் வாங்கும்போது இனிச்சிது. இப்ப எம்புள்ள மேல போடுறீங்க. அப்பன் இல்லாம வளந்த புள்ள அண்ணி. இன்னொரு தடவ இத்தப் பேசிகினு இந்த வூட்டுக்கு வராதீங்க."

*

வேணுகோபாலிடம் அன்று மாலையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. சுகன்யா கல்லூரியிலிருந்து வந்து பைக்குள்ளிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினாள். அபிதகுசாம்பாள் ராட்டையை நிறுத்திவிட்டு அதைப் படித்தாள், பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடிக்கும்வரை தறிக் கட்டையில் கையை ஊன்றியபடி நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்பீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." தறிக் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இப்ப இன்னா பண்ணணுமாம்?" என்றார்.

"யாருகிட்ட குடுத்தேன்னு பேரோட எழுதிக் குடுக்கணுமாம். திருவண்ணாமல சைபர் கிரைமுக்கு. எழுதிக் குடுத்தா நானு ஏமாந்தவள்னு கணக்குல வரும். இல்லன்னா நானும் கூட்டுன்னுதான் வரும்."

"தங்கச்சி புள்ளய நீ போலீஸ்ல எழுதிக் குடுப்பியா?"

"வேற வழி இன்னா கீது, சொல்லுங்க."

"முதலாளிகிட்ட கேட்டு பீஸ கட்டிடலாம். அந்த அக்கவுண்ட் கெடந்துட்டுப் போவட்டும்."

"ஏற்கெனவே அறுபதாயிரம் முன்பணம் வாங்கிகினு கீறோம் அவுருகிட்ட. இன்னும் வாங்கினா இந்தத் தறிய வுட்டு நீங்க எழுந்திரிக்கவே முடியாது."

"அது என் பாடு."

"கெங்கம்மா அக்கா அக்கவுண்டும் நிக்குது."

வேணுகோபால் நிமிர்ந்து பார்த்தார். "அவங்களும் குடுத்தாங்களா? அவங்கள யாரு கூட்டிகினு போனது?"

அபிதகுசாம்பாள் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். நூல் இரண்டு தரம் அறுந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சுகன்யா வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த நூலைத் தேடி எடுத்து முடிந்தாள்.

"எனுக்கு இந்த செமஸ்டர் வேணாம்மா. அடுத்த வருஷம் எழுதிக்கறேன்."

"நீ வாய மூடு" என்றாள் அபிதகுசாம்பாள்.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி பேங்குக்குப் போனாள். ஆதிலட்சுமியின் முன்னால் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே பேரைச் சொன்னாள். ஆதிலட்சுமி மனு எழுதுவதற்கு வெள்ளைத் தாளை அவள் பக்கமே தள்ளினாள்.

"நீங்களே எழுதுங்கக்கா. எட்டாவது படிச்சிருக்கீங்கல்ல? நானு சொல்லச் சொல்ல எழுதக்கூடாது. நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க. தேதி ஞாபகம் இருந்தா போடுங்க, இல்லன்னா ஆடி மாசம்னு போடுங்க."

ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் பேங்கில் கரண்ட் போய் வந்தது. அபிதகுசாம்பாள் இரண்டு பக்கம் எழுதினாள். தான் வாங்கிய ஆறாயிரத்தையும் எழுதினாள். கெங்கம்மாளைப் பற்றி எழுதவில்லை. ஆதிலட்சுமி படித்துப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் தேதியை மட்டும் சரிபார்க்கச் சொன்னாள். பிறகு அந்தத் தாளையும் கல்லூரி நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. மேனேஜர் இரண்டு முறை தலையாட்டி மறுத்தார். மூன்றாவது முறை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்து சொன்னாள். "அக்கவுண்ட இப்ப திறக்க முடியாது. அது போலீஸ் எழுதினாத்தான். ஆனா பாப்பா பேர்ல கல்விக் கடனுக்கு மனு வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு. அப்பா கூட வந்து கையெழுத்துப் போடணும். கடனுக்கு மனு குடுத்திருக்காங்க, ஜனவரிக்குள்ள துட்டு வந்துடும்னு காலேஜுக்கு ஒரு லெட்டரும் தர்றாரு. அத்த வச்சிகினு ஹால் டிக்கெட் கேளுங்க. பெரும்பாலும் குடுத்துடுவாங்க."

"வட்டி?"

"நல்ல கேள்வி. உக்காருங்க, சொல்றேன்." ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எப்போதிலிருந்து கட்ட வேண்டும், மாதம் எவ்வளவு, முதலாளியிடம் வாங்கினால் என்ன ஆகும், இதில் வாங்கினால் என்ன ஆகும் என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். அபிதகுசாம்பாள் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வேணுகோபால் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். மகளுக்காகக் கையெழுத்துப் போட வந்தார். பேங்கில் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் மனைவியோடு பேசவில்லை. கல்லூரியில் லெட்டரை வாங்கிக்கொண்டார்கள். அதே வாரம் திருவண்ணாமலையிலிருந்து இரண்டு போலீஸார் துர்கா வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து துர்கா அண்ணன் வீட்டு வழியாகக் குழாயடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். வேணுகோபால் வீட்டில் பேசுவது சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்கிற அளவில் நின்றது.

*

கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் அந்தத் தெரு பஜனைக் கோயில் மண்டபத்தில் ஆதிலட்சுமி முகாம் போட்டாள். அதற்கு முதல் நாள் அபிதகுசாம்பாளிடம் வந்து கேட்டாள்.

"பேரு சொல்லாம உங்க கதய நானு சொல்லட்டுமாக்கா?"

"பேரு சொல்லலன்னாலும் தெருவுக்கே தெரியும். வேணாம் மேடம்."

"சரி. வேணாம்னா வேணாம்."

முகாமுக்கு நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையோடு தார் சுற்றும் நூலைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆதிலட்சுமி படம் போட்ட அட்டைகளைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சேமிப்பு, காப்பீடு, வருஷத்துக்கு இருபது ரூபாயில் விபத்துக் காப்பீடு. எல்லாரும் தலையாட்டினார்கள். ஏழாவது அட்டையில் ஏடிஎம் கார்டை யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று இருந்தது. அதற்கும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "குடுத்தவங்கள கேளுங்க மேடம், நாங்க எங்க குடுத்தோம்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அபிதகுசாம்பாள் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள்.

"நான்தான் குடுத்தேன்."

சிரிப்பு நின்றது. அட்டையைத் திருப்பக் கையை நீட்டிய ஆதிலட்சுமி அப்படியே நின்றாள்.

"மாசம் ரெண்டாயிரம்னு மூணு மாசம் வாங்கினேன். வாடகன்னு சொன்னாங்க. எனுக்கு அது தப்புன்னு தோணல. ஆனா வூட்டுக்காரருகிட்ட மறச்சேன். தப்பில்லன்னா ஏன் மறச்சேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். அதுல வந்த துட்டு ஒரு டீச்சரம்மாவோடது. அறுவத்தெட்டு வயசு. அவங்க யாருன்னு எனுக்குத் தெரியாது. என் துட்டும் உள்ள மாட்டிகினு கீது. என் பாப்பா பரிட்ச எழுதறது பேங்க்ல குடுத்த லெட்டராலதான்."

அதோடு உட்கார்ந்துவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"இன்னொண்ணும் கீது. கெங்கம்மா அக்காவ நான்தான் அங்க கூட்டிகினு போனேன். அதுக்கு எனுக்கு ஐந்நூறு ரூபா குடுத்தாங்க. அத்த நான் அக்காகிட்ட சொல்லல. அவங்க எனக்காக வந்தாங்க, நான் ஐந்நூறுக்காகக் கூட்டிகினு போனேன்."

எல்லாரும் கெங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த நூல் கண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"அப்பவே சொல்லியிருந்தா எரநூத்தம்பது நானும் கேட்டிருப்பேன்ல."

யாரும் சிரிக்கவில்லை. கெங்கம்மாளின் கண் கலங்கியிருந்தது. "மாத்திர வாங்கக் குடுத்தியே, அது அந்தத் துட்டுதானா?" என்றாள்.

"ஆமாக்கா."

"சரி, உக்காரு."

ஆதிலட்சுமி மீதி அட்டைகளைத் திருப்பவில்லை. ஸ்டாண்டை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்லயும் மூணு பேரு குடுத்திருந்தாங்க" என்றாள். "அதுல ஒருத்தரு எங்க சித்தப்பா. நானு பேங்க்ல வேல செய்றேன், எனுக்கே தெரியாது. கார்டோ சிம்மோ யார்கிட்டயாவது குடுத்து வச்சிருந்தா இப்ப சொல்லுங்க. இன்னிக்கே நிறுத்திட்டா உங்க துட்டாவது தப்பிக்கும். யாரு, எவருன்னு நானு இங்க கேக்க மாட்டேன்."

பிறகு மூன்று பேர் கிட்டே வந்தார்கள். ஒருத்தி, தன்னுடையது இல்லை, அக்காவுடையது என்று சொல்லி ஆரம்பித்து, பாதியில் தன்னுடையதுதான் என்றாள். ஆதிலட்சுமி போனிலேயே ஒவ்வொரு கார்டாக நிறுத்த வழி காட்டினாள். கெங்கம்மாளின் மனுவை அபிதகுசாம்பாள் எழுதினாள். ஐந்நூறு ரூபாயையும் அதில் சேர்த்து எழுதினாள்.

கூட்டம் கலைந்து பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது துர்கா மண்டபத்துக்குள் வந்தாள். இவ்வளவு நேரமும் வெளியே மதிலோரம் நின்றிருந்திருக்கிறாள். அபிதகுசாம்பாளைப் பார்க்காமல் நேராக ஆதிலட்சுமியிடம் போய், ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பாஸ் புக்கை எடுத்து நீட்டினாள்.

"இத்தக் கொஞ்சம் பாருங்க. கார்டு எங்கிட்ட இல்ல. சித்திர மாசத்துலயே வாங்கிகினு போனது. கடைக்கு சரக்கு வாங்கணும்னு சொன்னான்."

சித்திரை என்றால் ஆடிக்கு முன்னால். அபிதகுசாம்பாள் மனசுக்குள் மாதத்தை எண்ணிப் பார்த்தாள். தெருவிலேயே முதலில் போனது துர்காவின் கணக்குத்தான்.

"கார்ட இப்பவே நிறுத்திடலாம்மா" என்றாள் ஆதிலட்சுமி. "அதுக்கு யாரு பேரும் வேணாம். மனுவுக்குத்தான் பேரு வேணும். அது நாளைக்கிக்கூட எழுதிக்கலாம்."

"நாளைக்கின்னா நான் வரமாட்டேன்."

ஆதிலட்சுமி தாளை எடுத்து, எழுதத் தெரியுமா என்று கேட்டாள். துர்கா கையெழுத்து மட்டும் போடுவேன் என்றாள். படிப்பாள், எழுதிப் பழக்கமில்லை. அதனால் அவள் சொல்ல ஆதிலட்சுமி எழுதினாள்.

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"முருகையன் மகன் தமிழ்வாணன். வயசு இருவத்தாறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கட."

"உங்களுக்கு என்ன உறவு?"

துர்கா மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அபிதகுசாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணி."

"மகன்" என்றாள் அபிதகுசாம்பாள்.

ஆதிலட்சுமி எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தாள். துர்கா பேனாவை வாங்கி, தாளில் கீழே காலியாக இருந்த இடத்தில் அதன் முனையை ஊன்றினாள். ஆதிலட்சுமி அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாதும்மா. நானு எழுதினதா இருந்தாலும்."

துர்கா பேனாவை மடியில் வைத்துக்கொண்டு தாளைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படித்தாள். மகன் பேர் வந்த இடத்தில் நின்றாள். திரும்ப அந்த வரியின் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி படித்தாள். அபிதகுசாம்பாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துர்கா கடைசி வரிவரை படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.